மலையகக் காட்டுச் செடிகளைக் காக்கப் பரம்பரையலகு எதற்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவன் நான். தாவரவியல் படித்த பிறகு, இலை சேகரிக்கும் பையோடு காட்டோரங்களில் நடப்பதே வேலையாகிவிட்டது. பாடசாலைகளுக்கும் தோட்டத்து இளைஞர் கழகங்களுக்கும் பேசப் போனால் ஒரே மாதிரியான கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றை இங்கே சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். சொற்களை நம் பாடப்புத்தகத்தில் உள்ளபடியே எடுத்துக்கொண்டேன். தமிழ்நாட்டில் மரபணு என்பது நமக்குப் பரம்பரையலகு, மரபியல் என்பது பிறப்புரிமையியல்.

காட்டில் எத்தனை மரம் நிற்கிறது என்று எண்ணினால் போதாதா? டீ.என்.ஏ வரை எதற்குப் போக வேண்டும்?

இதற்கான விடை தேயிலை மலையிலேயே இருக்கிறது. விதைத் தேயிலை நிற்கும் பழைய மலை ஒன்றுக்குள் இறங்கிக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஒரு செடியின் இலை உள்ளங்கை அகலம் இருக்கும், பக்கத்துச் செடியின் இலை விரல் போல ஒடுங்கியிருக்கும். ஒன்றின் கொழுந்து வெளிர்பச்சை, இன்னொன்றின் கொழுந்தில் செம்பு நிறம். கவ்வாத்து வெட்டிய பிறகு சில செடிகள் முந்திக்கொண்டு துளிர்க்கும், சில செடிகள் செத்ததோ என்று நினைக்கும் அளவுக்குத் தாமதிக்கும். தேயிலை பெரும்பாலும் தன் மகரந்தத்தை ஏற்றுக் காய்ப்பதில்லை. வேறு செடியின் மகரந்தம் வந்துதான் விதை உண்டாகிறது. அதனால் ஒவ்வொரு விதைச் செடியும் தனித்தனி ஆள்.

அப்புறம் பக்கத்து விபி மலைக்குப் போங்கள். ஒரு தாய்ச் செடியின் தண்டை ஓர் இலையோடு வெட்டி, பையில் ஊன்றி வேர்விட வைத்து நட்டவை அவை. அளவெடுத்துத் தைத்த சட்டைகள் போல இலை, நிறம், துளிர்க்கும் நேரம் எல்லாம் ஒன்றாக இருக்கும்.

இரண்டு மலையிலும் செடிகளை எண்ணினால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒரே வகையை மட்டும் நட்ட விபி மலையில் பத்தாயிரம் செடி நின்றாலும், பிறப்புரிமையியல் கணக்கில் அங்கே நிற்பது ஒரே ஒரு செடி. காட்டுக்கும் இதே கணக்குத்தான். இருநூறு மரம் நிற்கிறது என்று எண்ணிச் சொல்லலாம். அந்த இருநூறும் இரண்டு மூன்று தாய் மரங்களின் பிள்ளைகளா, இருநூறு வெவ்வேறு வழியில் வந்தவையா என்பதை எண்ணிக்கை சொல்லாது.

குடித்தொகைப் பிறப்புரிமையியல் என்றால் சுருக்கமாக என்ன?

ஓர் இடத்தில் வாழ்ந்து தங்களுக்குள் இனம்பெருக்கும் ஒரே இனத்துச் செடிகளின் கூட்டம் குடித்தொகை. ஒரு பரம்பரையலகுக்குப் பல வடிவங்கள் இருக்கலாம். அவை எதிருருக்கள். ஒரு குடித்தொகையில் எந்தெந்த எதிருருக்கள் எவ்வளவு இருக்கின்றன, தலைமுறைக்குத் தலைமுறை அவை கூடுகின்றனவா குறைகின்றனவா, அடுத்த மலையிலுள்ள குடித்தொகையோடு கொடுக்கல் வாங்கல் நடக்கிறதா என்று பார்க்கும் படிப்பு இது.

எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் என்ன நட்டம்?

இந்த மலைகளில் ஒரு காலத்தில் கோப்பிதான் நின்றது. 1869இல் இலங்கையில் கோப்பி இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது. இலையின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் தூள் படியும், இலை உதிரும், மரம் மெலியும். இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தொழிலே படுத்துவிட்டது. அரேபிக்கா கோப்பி தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் பயிர். உலகெங்கும் பரவியவை மிகச் சில செடிகளின் வழிவந்தவை. நோயைத் தாங்கக்கூடிய செடி ஒன்றாவது இருக்கட்டும் என்று தேடினால், தேடுவதற்கு வேறுபாடே இருக்கவில்லை. மலை மலையாகக் கோப்பியைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை நட்டதற்கும், நம் முன்னோர் தலைமுறைகளாகக் கொழுந்து பறித்ததற்கும் பின்னால் இந்தத் துருவும் இருக்கிறது.

காட்டு மரத்துக்கு மருந்தடிக்க யாரும் வருவதில்லை. ஹோர்ட்டன் சமவெளியில் மேகக்காட்டு மரங்கள் நுனியிலிருந்து காய்ந்து சாவதை 1970களின் பிற்பகுதியிலிருந்தே ஆய்வாளர்கள் குறித்து வருகிறார்கள். மண், நீர்ப்பற்றாக்குறை, நோய்க்கிருமி, காற்று மாசு என்று பல காரணங்களை ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே நடந்து போகும்போது என் கண்ணை இழுப்பது வேறொன்று. கிளையெல்லாம் வெளுத்துச் செத்து நிற்கும் மரத்துக்குச் சில அடி தள்ளி, அதே இனத்து மரம் பச்சையாக நிற்கும். அது நிற்கும் மண் வேறாக இருக்கலாம், வேர் எட்டும் நீர் வேறாக இருக்கலாம், பரம்பரையலகு வேறாகவும் இருக்கலாம். மூன்றாவது காரணத்துக்கு வாய்ப்பு இருக்க வேண்டுமென்றால் காட்டுக்குள் வேறுபாடு மிச்சம் இருக்க வேண்டும்.

தேயிலைக்கு நடுவில் மாட்டிக்கொண்ட சின்னக் காட்டுத்துண்டில் என்ன நடக்கிறது?

இரண்டு விடயங்கள் நடக்கின்றன.

முதலாவது, குலுக்கல். பெரிய காட்டில் அரிதான ஓர் எதிருரு ஐம்பது மரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு புயலில் ஐந்து விழுந்தாலும் நாற்பத்தைந்தில் அது தங்கும். இருபது மரம் மட்டுமே உள்ள துண்டில் அது ஒரே மரத்தில் இருந்தால், அந்த மரத்தை விறகுக்கு வெட்டிய அன்றோடு அது போய்விடும். நல்ல எதிருருவா கெட்ட எதிருருவா என்று குலுக்கல் பார்ப்பதில்லை. இதற்குப் பரம்பரையலகு நகர்வு என்று பெயர். இதற்குக் கணக்கும் உண்டு. இனப்பெருக்கத்தில் உண்மையாகப் பங்கெடுக்கும் மரங்கள் பத்துத்தான் என்றால், தலைமுறைக்குச் சராசரி 5 சதவீத வேறுபாடு கரைகிறது. ஐம்பது இருந்தால் 1 சதவீதம்.

இரண்டாவது, சொந்தத்துக்குள்ளேயே இனம்பெருகுவது. மகரந்தம் கொண்டுவரும் தேனீயும் வண்டும் பூச்சிமருந்து அடித்த தேயிலையைக் கடந்து வரத் தயங்கும்போது, உள்ளே நிற்கும் சில மரங்கள் தங்களுக்குள்ளேயே சேர்கின்றன. அல்லது தன் பூவைத் தானே சேர்த்துக்கொள்கின்றன. ஒளிந்திருந்த குறைபாடுகள் பிள்ளைகளில் இரட்டையாகச் சேர்ந்து வெளிப்படுகின்றன. விதை சப்பையாகிறது, முளைப்பு குறைகிறது, கன்று முதல் வரட்சியிலேயே சுருண்டுவிடுகிறது.

இது நம் நாட்டிலேயே அளந்து பார்க்கப்பட்ட விடயம். மலையகத்துக்குத் தென்மேற்கே உள்ள சிங்கராஜக் காட்டில் பெரலிய வகை மரம் ஒன்றைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமல் குணதிலக்க உள்ளிட்ட மூவர் ஆராய்ந்து 1994இல் வெளியிட்டார்கள். தெரிந்தெடுத்து மரம் வெட்டப்பட்ட பகுதியிலும் வெட்டப்படாத பகுதியிலும் நின்ற மரங்களின் விதைகளை ஒப்பிட்டார்கள். வெட்டப்பட்ட பகுதியில் அயன்மகரந்தச் சேர்க்கை குறைந்து, தன்னுறவுச் சேர்க்கை கூடியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அதுவும் காடுதான், பச்சையாகத்தான் இருந்தது.

மரங்களின் விடயத்தில் நம்மை ஏமாற்றுவது அவற்றின் நீண்ட ஆயுள். இன்று துண்டுக்காட்டில் நிற்கும் பெரிய மரம் ஒன்று, சுற்றிலும் காடாக இருந்த நாளில் முளைத்ததாக இருக்கலாம். அதன் டீ.என்.ஏயில் அந்தப் பெரிய காட்டின் செழிப்பு அப்படியே இருக்கும். அதனால் பெரிய மரங்களை மட்டும் சோதித்துவிட்டு “எல்லாம் நலம்” என்று அறிக்கை எழுதுவது தவறு. அடியில் நிற்கும் கன்றுகளையும் சோதிக்க வேண்டும். இழப்பு முதலில் தெரிவது அங்கேதான்.

அப்படியானால் எத்தனை செடி இருந்தால் போதும்?

1980இல் இயன் பிராங்க்ளின் என்ற பிறப்புரிமையியலாளர் 50, 500 என்று இரண்டு எண்களைச் சொன்னார். உடனடிக் கேட்டைத் தவிர்க்க 50, நீண்ட காலத்துக்கு மாறும் திறனோடு வாழ 500. பின்னர் 100, 1000 என்று உயர்த்த வேண்டும் என்று கூறியவர்களும் உண்டு. 2022 டிசம்பரில் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட குன்மிங்–மொன்றியல் உயிர்ப்பல்வகைமை உடன்பாட்டிலும் 500 என்ற எல்லையே குறிகாட்டியாக எடுக்கப்பட்டது.

ஆனால் இது தலையை எண்ணும் எண் கிடையாது. இனப்பெருக்கத்தில் பங்கெடுக்கும் செடிகளின் எண்ணிக்கை, அதாவது வினைத்திறன் குடித்தொகைப் பருமன். பொதுவாக அது உண்மையான எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொள்வார்கள். ஆக, 500க்குக் காட்டில் ஐயாயிரம் முதிர்ந்த செடி வேண்டும்.

ஏன் இவ்வளவு குறைகிறது என்பதை மரமஞ்சள் கொடியை வைத்துச் சொல்கிறேன். சிங்களத்தில் வெனிவெல். அதில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. ஒரு காட்டில் நூறு கொடி இருக்கிறது, தொண்ணூறு பெண், பத்து ஆண் என்று வையுங்கள். ஆண் எண்ணிக்கையையும் பெண் எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, மொத்தத்தால் வகுக்க வேண்டும். 36 வரும். நூறு கொடி கண்ணால் பார்த்தோம், ஆனால் கணக்கில் முப்பத்தாறுதான்.

கினிகத்தேனைக்குக் கீழே ஒரு காட்டோர வீட்டில் ஒரு பாட்டி என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “முன்னெல்லாம் இந்தக் கொடியில கொத்துக் கொத்தாக் காய் தொங்கும் தம்பி. இப்ப பூத்துக் கொட்டிட்டுச் சும்மா போயிருது.” அவர் காட்டியது பெண் கொடி. அந்தப் பக்கம் முழுக்க நாங்கள் தேடியும் ஆண் கொடி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மருந்துக்கென்று தண்டை வெட்டிப் போகிறவர்கள் ஆண், பெண் பார்த்து வெட்டுவதில்லை. அந்தக் கொடி உயிரோடு இருக்கிறது, ஆனால் குடித்தொகைக் கணக்கில் அது ஏற்கெனவே இல்லை.

நம் மலைக்காடுகளுக்கு என்ன விசேஷம்?

உயரம்தான். ஒரு குளிர்காட்டுச் செடிக்கு, சுற்றியுள்ள தாழ்நிலம் கடல் போல. பீதுருதலாகலை, ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாத மலை, நக்கிள்ஸ் எல்லாம் அதற்குத் தீவுகள். நக்கிள்ஸ் மலைத்தொடரை மத்திய மலைத்திணிவிலிருந்து மகாவலிப் பள்ளத்தாக்கு பிரிக்கிறது. ஒரே இனம் இரு பக்கமும் நின்றாலும், கீழே இறங்கி வாழ முடியாத செடியாக இருந்தால் மகரந்தமோ விதையோ எளிதில் கடந்து போகாது. ஆயிரமாயிரம் ஆண்டுகள் அப்படி இருந்தால் இரண்டும் மெல்ல மெல்ல வேறாகும்.

இயற்கை பிரித்து வைத்த இந்தத் தீவுகளை நாம் இன்னும் நறுக்கினோம். 1873இல் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனையால் 5000 அடிக்கு மேலுள்ள காடுகளை விட்டுவைக்க முடிவானதால்தான் ஹோர்ட்டன் சமவெளி போன்றவை தப்பின. அதற்குக் கீழே இருந்த இடைமலைக் காடு பெரும்பாலும் கோப்பிக்கும் தேயிலைக்கும் போனது. இன்று அங்கே மிச்சம் இருப்பவை ஓடைக்கரைகளிலும் பாறைச் சரிவுகளிலும் கோயிலடியிலும் நிற்கும் துண்டுகள். சிவனொளிபாத வனம், ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மூன்றும் சேர்ந்து 2010இல் உலக மரபுரிமையாயின. பெரிய பெயரெல்லாம் அந்த மூன்றுக்கும் கிடைத்தது. எனக்கு அதிகக் கவலை அந்த எல்லைக்கு வெளியே, பெயர் இல்லாமல் நிற்கும் துண்டுகளைப் பற்றித்தான்.

எந்த இனம் அழியும் ஆபத்தில் இருக்கிறது என்று சொல்லும் இலங்கையின் 2012ஆம் ஆண்டுத் தேசிய சிவப்புப் பட்டியலில் ஆராயப்பட்ட பூக்கும் தாவர இனங்கள் 3154. அவற்றில் 1385 அச்சுறுத்தலுக்கு உள்ளானவை.

நீலகிரியிலும் இதே மரங்கள் இருக்கின்றன. அங்கிருந்து கன்று கொண்டுவந்து நட்டால் என்ன?

வேண்டாம். ஹோர்ட்டன் சமவெளியில் சிவப்பாகப் பூக்கும் மஹரத்மலை எடுத்துக்கொள்ளுங்கள். நீலகிரியில் காட்டுப்பூவரசு என்கிறார்கள். இரண்டும் ரோடோடென்ட்ரன் ஆர்போரியம்தான், ஆனால் தனித்தனித் துணையினங்கள். நம்முடையது இலங்கையில் மட்டும் உள்ளது. பனியுகக் காலங்களில் கடல் தாழ்ந்து தரைவழி இருந்தாலும், இரு மலைகளுக்கும் இடையில் வெப்பமான சமவெளி இருந்தது. நீண்ட காலம் தனியே வளர்ந்த இரண்டைக் கலந்தால், இந்த மண்ணுக்கும் மழைக்கும் பொருந்திய சேர்க்கை கலைந்துபோகலாம். புதிய நோய் வரும் ஆபத்து தனி. சட்டமும் இடம் தராது.

குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கிறதே, அதற்கும் இந்தக் கணக்குப் பொருந்துமா?

நம் மலைகளில் நெலு என்று சொல்வது குறிஞ்சியின் உறவுக்கார இனங்களை. பல இனங்கள் இருக்கின்றன, இலங்கைக்கு மட்டுமே உரியவையும் நிறைய. எல்லாமே பன்னிரண்டு ஆண்டுக் கணக்கில் பூப்பதில்லை. அப்படிக் கூட்டமாகப் பூக்கும் இனங்களில், ஒரு சரிவு முழுவதும் ஒரே பருவத்தில் பூத்து, விதைத்து, செத்துவிடும். அடுத்த தலைமுறை முழுவதும் அந்த ஒரு பருவத்தின் விதையிலிருந்து வர வேண்டும். அந்தப் பருவத்தில் தீ வைத்தாலோ, பார்க்க வருகிறவர்கள் கொத்துக் கொத்தாகப் பூவை ஒடித்தாலோ, இழப்பது ஓர் ஆண்டு விளைச்சலை மட்டுமன்று, ஒரு முழுத் தலைமுறையின் எதிருருக்களை. காலம் தவறித் தனியாகப் பூக்கும் செடிகளுக்குத் துணை குறைவு. ஆனால் இரண்டு தலைமுறைகளுக்கு இடையே பாலம் போடுவது அவைதான். அதனால் அவற்றை நான் தனியாகக் குறித்து வைப்பேன்.

மாதிரி எப்படி எடுப்பீர்கள்? மரத்தை வெட்ட வேண்டுமா?

ஓர் இளம் இலை போதும், பாதி இலைகூடப் போதும். மலையகத்தில் இதற்கு வாய்த்த கருவி தேநீர்ப் பை. வெறும் தேநீர்ப் பைக்குள் இலையைக் கிழித்துப் போட்டு, மேலே பென்சிலால் எண் எழுதி, சிலிக்கா மணிகள் நிரம்பிய டப்பாவுக்குள் வைத்து மூடிவிடுவேன். ஆரஞ்சு நிற மணிகள் ஈரத்தை உறிஞ்சப் பச்சையாகும். பச்சையானால் மாற்ற வேண்டும். நுவரெலியா மூடுபனியில் ஒரே நாளில் இரண்டு முறை மாற்றியதும் உண்டு. ஒரு நாளுக்குள் இலை அப்பளம் போல நொறுங்கும்படி காய்ந்தால் டீ.என்.ஏ கெடாது. மெதுவாகக் காய்ந்து பழுப்பானால் அந்த மாதிரியை எறிந்துவிட வேண்டியதுதான். பேனாவால் எழுதாதீர்கள். என் முதல் பயணத்தில் பேனா மை ஈரத்தில் ஊறி, பதினாறு பைகளில் எது எந்த மரம் என்று தெரியாமல் போனது.

அடுத்தடுத்து நிற்கும் மரங்களில் எடுக்கக் கூடாது, அவை அக்கா தங்கையாக இருக்கலாம். இடைவெளி விட்டு, ஓர் இடத்தில் இருபது முப்பது மரமாவது எடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இடக்குறி, உயரம், சுற்றளவு.

அனுமதி இல்லாமல் ஓர் இலையும் எடுக்காதீர்கள். வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் காடு, வனசீவராசிகள் திணைக்களத்தின் பூங்கா என்று இடத்துக்கு ஏற்ப அனுமதி வாங்க வேண்டும். தாவர, விலங்குப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது.

ஆய்வுகூடத்தில் என்ன செய்வார்கள்?

இலையை அரைத்து, டீ.என்.ஏயைப் பிரித்து, அதில் செடிக்குச் செடி மாறக்கூடிய இடங்களை மட்டும் பெருக்கிப் பார்ப்பார்கள். டீ.என்.ஏயின் அடிப்படை அலகுகளை எழுத்துகள் என்று வைத்துக்கொண்டால், சில எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடங்களைப் பார்ப்பது ஒரு முறை. ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும் ஆயிரக்கணக்கான இடங்களை ஒரேயடியாக வாசிப்பது இப்போது வந்த முறை. பிறகு எல்லாம் கணினி வேலை.

முடிவு வந்த பிறகு அதை வைத்து என்ன செய்வது?

எந்தத் துண்டை முதலில் காப்பது என்பது முதல் பயன். பெரிய துண்டு என்பதற்காக அதையே தேர்ந்தெடுப்பது வழக்கம். சில நேரம் வேறெங்கும் இல்லாத எதிருருக்கள் ஒரு சின்னத் துண்டில் இருக்கும். அப்போது அந்தச் சின்னத் துண்டை விடக் கூடாது.

இரண்டாவது, எதை எதோடு இணைப்பது. பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு துண்டுகள் நேற்றுவரை கலந்திருந்து, இப்போதுதான் பிரிந்தன என்று டீ.என்.ஏ காட்டினால், ஓடைக்கரையோடு மரம் நட்டு மீண்டும் இணைக்கலாம். தலைமுறைக்கு ஒன்றிரண்டு புதிய வரவு இருந்தாலே, குலுக்கலில் இழப்பதைப் பெரும்பாலும் ஈடுகட்ட முடியும் என்பது இத்துறையில் பழைய கணக்கு. மகரந்தமாக வந்தாலும் சரி, பறவை போட்ட விதையாக வந்தாலும் சரி.

மூன்றாவது, நலிந்துபோன துண்டுக்கு வெளியிலிருந்து புதிய இரத்தம் கொண்டுவரலாமா என்று முடிவெடுப்பது. பல இடங்களில் இது நல்ல பலன் தந்திருக்கிறது. ஆனால் நக்கிள்ஸ் செடியையும் ஹோர்ட்டன் சமவெளிச் செடியையும் கலப்பதற்கு முன், அவை எவ்வளவு காலம் பிரிந்திருந்தன என்று பார்த்தே ஆக வேண்டும். நூறாண்டுப் பிரிவும் பத்தாயிரம் ஆண்டுப் பிரிவும் ஒன்றன்று. சோதிக்காமல் கலக்க நினைப்பவர்களிடம் நான் எப்போதும் “பொறுங்கள்” என்றுதான் சொல்வேன்.

எங்கள் தோட்டத்தில் காட்டு மரக்கன்று நடப்போகிறோம். விதை எங்கே எடுப்பது?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. ஒரு வேதனையான கதையும் இதில் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதியில் மரநடுகை ஒன்று நடந்தது. சில நூறு கன்றுகள், எல்லாம் உள்நாட்டு இனம். பிள்ளைகள் மழையில் நனைந்து நட்டார்கள். கன்று எங்கே வளர்த்தது என்று விசாரித்தபோது, விதை முழுவதும் பிரதான வீதியோரத்தில் தனியாக நின்ற ஒரே மரத்தின் கீழ் பொறுக்கியது என்று தெரிந்தது. காரணம் எளிது. லொறி நிறுத்த வசதியான இடம், மரம் நிறையக் காய்க்கும். நட்டவை அத்தனையும் அந்த ஒரு தாயின் பிள்ளைகள். தனி மரம் என்பதால் தகப்பன் மரங்களும் ஒன்றிரண்டுக்கு மேல் இருந்திருக்காது. இன்னும் முப்பது ஆண்டில் அங்கே அழகான காடு நிற்கும். அதன் பூக்கள் முழுவதும் கூடப்பிறந்தவையோடுதான் சேரும். நட்டவர்களின் மனசில் குறை சொல்ல ஒன்றுமில்லை. யாராவது முதல் நாளே அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நடுவதற்குப் பக்கத்துக் காடுகளில், ஏறக்குறைய அதே உயரத்தில் நிற்கும் மரங்களிலிருந்து விதை எடுங்கள். 6000 அடியில் நட, 3000 அடி விதை சரிப்படாது. குறைந்தது பத்துப் பதினைந்து தாய் மரமாவது இருக்கட்டும். எதிர்காலத்தில் விதை எடுக்கும் தோப்பாக அமைப்பதென்றால் ஐம்பதை நோக்கிப் போங்கள். ஒரு குடித்தொகையில் 5 சதவீதத்துக்கு மேல் உள்ள எதிருருக்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் பிடிக்க ஐம்பது செடி போதும் என்பது விதை சேகரிப்போர் நெடுங்காலமாகப் பின்பற்றும் அளவு. நிறையக் காய்த்த மரத்தில் வாளி நிறைய எடுத்து, குறைவாகக் காய்த்ததில் நாலு விதை எடுத்தால் கணக்குக் கெட்டுவிடும். ஒவ்வொரு தாயிடமிருந்தும் ஏறக்குறைய ஒரே அளவு கன்று வர வேண்டும்.

நாற்றுமேடையில் தாய் மரத்துக்கு ஓர் எண் கொடுத்து, பைகளை வரிசை வரிசையாகப் பிரித்து வையுங்கள். நடும் நாளில் கலந்து நடுங்கள், ஒரே தாயின் கன்றுகள் அடுத்தடுத்து வராதபடி. நாற்றுமேடையில் வேகமாக வளர்ந்த கன்றுகளை மட்டும் பொறுக்கி நடும் பழக்கத்தையும் விடுங்கள். பிந்தி வளர்வது வரட்சியைத் தாங்கும் கன்றாக இருக்கலாம். பைக்குள் இருக்கும்போது அது தெரியாது. மேகக்காட்டில் நுனிகாய்ந்து சாகும் மரங்களுக்கு இடையே பச்சையாக நிற்பவற்றின் விதையையும் அனுமதியோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அவற்றை மட்டுமே என்று குறுக்க வேண்டாம். காட்டின் விதை முழுவதையும் வழித்தெடுக்கவும் வேண்டாம், பறவைக்கும் மண்ணுக்கும் பெரும்பங்கை விடுங்கள்.

விதை வங்கியில் போட்டு வைத்தால் கவலை இல்லைதானே?

கன்னொறுவையில் தாவரப் பிறப்புரிமை வளங்கள் நிலையம் 1988இலிருந்து இருக்கிறது. நெல், பயறு, மரக்கறி விதைகளைக் காயவைத்துக் குளிரில் பல ஆண்டு வைக்கலாம். ஆனால் நாவல் குடும்பம், பெரலிய, தூண மரக் குடும்பம் போன்ற ஈரக்காட்டு மரங்களின் விதை காய்ந்தால் செத்துவிடும். விழுந்து சில வாரங்களுக்குள் முளைக்க வேண்டும். அவற்றுக்குக் காடுதான் வங்கி. ஹக்கலைப் பூங்கா போன்ற இடங்களில் உயிரோடு வளர்ப்பது உதவும், ஆனால் ஒரு பூங்காவில் ஐந்து மரத்துக்கு மேல் வைக்க இடம் கிடைப்பது அரிது.

ஓர்க்கிட்டைக் கிழங்கு பிரித்து வளர்த்தால் எண்ணிக்கை கூடும்தானே?

எண்ணிக்கை கூடும், வேறுபாடு கூடாது. விபி தேயிலைக் கதைதான். பத்தனைப் புல்வெளிகளில் மஞ்சளாகப் பூக்கும் நாகமரு அல என்ற ஓர்க்கிட்டை வசிய மருந்துக்கென்று கிழங்கோடு தோண்டுகிறார்கள். இலங்கையில் மட்டுமே உள்ள செடி அது. தோண்டிய ஒவ்வொரு கிழங்கும் ஒரு தனி ஆள். வீட்டுச் சட்டியில் ஒன்றைப் பத்தாக்கினாலும் புல்வெளியில் போன பத்துக்கு அது ஈடாகாது.

டீ.என்.ஏ சோதனைக்குக் காசு இல்லை. ஒன்றும் செய்ய முடியாதா?

நிறையச் செய்யலாம். பூக்கும் வயது மரங்களை எண்ணி, பத்தால் வகுத்துப் பாருங்கள். ஐம்பதுக்குக் கீழே வந்தால் அவசரம். அடியில் கன்று இருக்கிறதா, எல்லாப் பருமனிலும் இருக்கிறதா என்று பாருங்கள். கிழ மரங்கள் மட்டும் நின்று கன்றே இல்லாவிட்டால் சோதனைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. நூறு விதையைப் பொறுக்கி வெட்டிப் பார்த்து, எத்தனை சப்பை என்று எழுதுங்கள். அடுத்த துண்டு எவ்வளவு தூரம், இடையில் என்ன நிற்கிறது என்பதைக் கையால் ஒரு வரைபடமாகப் போடுங்கள். காசு கிடைக்கும்போது எந்த இடத்தைச் சோதிப்பது என்று அதுவே காட்டும்.

தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் இதில் எப்படிச் சேர்வது?

எந்த ஓடையில் எந்த மரம், எது எந்த மாதத்தில் பூக்கும், எது பூப்பதை நிறுத்திவிட்டது என்று மலைக்குத் தினமும் ஏறுகிறவர்களுக்குத் தெரிவது எங்களுக்குத் தெரியாது. மரமஞ்சள் கொடி காய்க்காததை முதலில் கவனித்தது அந்தப் பாட்டிதான். ஒரு அப்பியாசக் கொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஓர் இலையை ஒட்டி, எத்தனையாம் நம்பர் மலை, ஓடைக்கு எந்தப் பக்கம், பூத்த திகதி, காய்த்த திகதி, காய்க்காவிட்டால் அதையும் எழுதுங்கள். தேயிலைக்குள் விதையாக விழுந்து முளைத்த காட்டுக்கன்று கண்ணில் பட்டால், களை பிடுங்கும்போது அதைச் சுற்றி ஒரு கல்லோ குச்சியோ வைத்துவிட்டுத் தொழில் பார்ப்பவரிடம் சொல்லி, மழை தொடங்கும் நேரத்தில் மண்ணோடு எடுத்து ஓடைக்கரையில் வையுங்கள்.